சாமி மாலை தின்ற ஆடுகள்

ஈசூன் அடுக்குமாடியில் எங்கள் வீட்டுக் கதவுக் கம்பியில் யாராவது பிளாஸ்டிக் பையை மாட்டிவிட்டுப் போயிருந்தால் இன்றைக்கும் நான் பிரித்துப் பார்க்காமல் உள்ளே எடுத்துப் போகமாட்டேன். பெரும்பாலும் பக்கத்து வீட்டம்மா கொடுக்கும் வடையாகத்தான் இருக்கும்.

அப்போது நான் ஒரு சிறிய ஆட்டுப்பண்ணையில் மேற்பார்வையாளர். தீவின் வடமேற்கு ஓரத்தில் இருந்தது, இப்போது மூடிவிட்டார்கள். கொட்டகை வேலைக்கு இரண்டு பேர். மூத்தவர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். கப்பல் பட்டறையில் முதுகு போய், ஆடு மேய்த்த பழக்கத்தைச் சொல்லி எங்களிடம் வந்து சேர்ந்தார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை மேடம் என்பார், எத்தனை தடவை வேண்டாம் என்றாலும்.

கப்பலில் வரும் வைக்கோலும் தீவனமும் விலை ஏறிக்கொண்டே போயின. முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வருஷக் கடைசிக்குள் செலவு இறங்காவிட்டால் இரண்டு பேரில் ஒருவரை அனுப்ப வேண்டியதுதான் என்றார். யார் என்று அவர் சொல்லவில்லை. முதுகு வளையாத ஆள்தான் போவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு ஊரில் கல்யாணத்துக்கு நின்ற மகள் இருந்தாள்.

நான் சும்மா இருப்பேனா? சிக்கனம் என்றால் எனக்கு அப்படி ஒரு வெறி. எங்கள் லாரி தேக்கா சந்தைப் பக்கத்துக் கடைகளுக்குப் பால் கொண்டுபோய்விட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே பூக்கடைகளில் விற்காத மாலைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. சாமந்தி, மல்லிகை, துளசி எல்லாம் ஆடு விரும்பித் தின்னும். போகும்போது பால், வரும்போது பூ. ஒரு பைசா செலவில்லை. முதலாளி என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான்.

செய்தி பரவியது. எங்கள் புளோக்கில் எதிர்வீட்டு அக்கா ஒரு பையோடு வந்து நின்றார். “சாமிக்குப் போட்ட மாலைலா, குப்பைத் தொட்டில போட மனசு வரல. ஆடு தின்னா புண்ணியம்தானே?” அதன்பிறகு சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் கம்பி நிறையப் பைகள் தொங்கும். என் வீட்டுப் பையையும் சேர்த்துக் கட்டி எடுத்துப் போவேன்.

அண்ணன் தினமும் காலையில் மூட்டைகளைத் தரையில் கொட்டி, உட்கார்ந்து ஒவ்வொரு மாலையாகப் பிரிப்பார். நைலான் நூல் ஒரு பக்கம், ஜிகினா ஒரு பக்கம், சிவப்பாக ஏதோ ஒரு குவியல் இன்னொரு பக்கம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் பால் கறப்பது தள்ளிப்போய், அவருக்குக் கூடுதல் நேரச் சம்பளம் விழுந்தது. மிச்சம் பிடித்ததெல்லாம் இதிலேயே ஓடுகிறதே என்று எனக்கு எரிச்சல்.

“அண்ணே, நூலை மட்டும் அறுத்துட்டுக் கொட்டிடுங்க. பிரிக்கிற வேலை வேணாம்.”

“அரளி கிடக்குது மேடம்.”

“கடைல சொல்லிட்டேன், அரளி வைக்க மாட்டாங்க. இப்படியே ஓவர்டைம் போட்டுக்கிட்டு இருந்தா, உங்க வேலையத்தான் முதல்ல காலி பண்ணுவாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

கடையில் சொன்னது உண்மைதான். கதவுக் கம்பியில் மாட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு நான் யாருக்குச் சொன்னேன்? அரளி விஷம் என்று தெரியாத தமிழர் உண்டா? ஆனால் அம்மன் கழுத்தில் ஒருநாள் கிடந்த பிறகு அதை விஷமாக நினைக்க எங்கள் புளோக்கில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஆடி மாதம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வீடு செவ்வரளி மாலை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் அலுவலக வாசலில் வந்து நின்றார். “நாலஞ்சு ஆடு அசை போடல மேடம். பல்லை நறநறங்குது.” வெயிலாக இருக்கும், மின்விசிறியைப் போடுங்கள் என்றேன். அவர் போகாமல் கொஞ்ச நேரம் நின்றார். நான் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஞாயிறு காலை கொட்டகைக்குள் நுழைந்தபோது சத்தமே இல்லை. வழக்கமாக என் செருப்புச் சத்தம் கேட்டாலே எல்லாம் கத்தத் தொடங்கும். பதினொரு ஆடுகள் கால்களை நீட்டிச் செத்துக் கிடந்தன, அவற்றில் எட்டு சினை ஆடுகள். மற்றவை வாயில் நுரையோடு நின்றன. அண்ணன் ஒன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

கால்நடை மருத்துவர் வந்து தீவனத் தொட்டியைக் கிளறி, வாடிய சிவப்புப் பூங்கொத்து ஒன்றை எடுத்தார். கொத்தில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. என் வீட்டு அம்மன் படத்துக்கு நான் வெள்ளிக்கிழமை கட்டிய மாலை. கைக்கு அந்த முடிச்சு நன்றாகத் தெரியும்.

“யார் இதைப் போட்டது?” என்று முதலாளி கேட்டார்.

“நான்தான் சார் போட்டேன்,” என்றார் அண்ணன்.

பொய் இல்லை. கொட்டியது அவர்தான். பிரிக்க வேண்டாம் என்று சொன்னது நான், அந்த மாலையும் என்னுடையது. இரண்டு வாக்கியம். என் நாக்கு நுனியில் இருந்தன. அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் கொட்டகைக் கால்வாயில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு கோழைத்தனம் எனக்குள் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

ஒரே வாரத்தில் அவருடைய வேலை பர்மிட்டை ரத்து செய்தார்கள். பெட்டியோடு வேனில் ஏறப் போனவர் திரும்பி என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பின்னாடி இன்னும் ரெண்டு மூட்டை கிடக்குது மேடம்,” என்றார். “பிரிக்காம போட்றாதீங்க.”