இரண்டு புள்ளிக்கு ஒரு ரவுட்டர்

போன வாரம் வீட்டில், ரவுட்டர் வாங்கப் போகிறேன் என்றேன்.

"போன தீவாளிக்குத்தான சாமி ஒண்ணு வாங்கிச் செவுத்துல மாட்டுன?" என்றார் அப்பா.

அவர் சொன்னது வைஃபை பெட்டி. நான் சொன்னது மரப்பலகையில் எழுத்துக் குடைகிற மெஷின். கையில் பிடித்து ஓட்டுவது. அடியில் பென்சில் முனை போல ஒரு வெட்டும் முனை இருக்கும். அதற்கு 'பிட்' என்று பெயர். கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றும். நாம் நகர்த்துகிற பக்கமெல்லாம் மரம் பள்ளமாகும். அந்தப் பள்ளம்தான் எழுத்து.

நான் கொண்டப்பநாயக்கன்பட்டியில் பெயர்ப்பலகை செய்து பிழைப்பதும், எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான் என்பதும் இந்தப் பக்கத்தை விடாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். இரண்டாவதைச் சொல்லாமல் நான் விட்ட வாரம் உண்டா? இந்த வாரமும் விடவில்லை, பாருங்கள்.

சரி… புது மெஷின் எதற்கு?

ராசிபுரத்தில் தறி ஓட்டுகிற ஒரு அண்ணன் வேப்பம் பலகை ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"வாசல்ல நின்ன மரத்த வெட்டித்தாங்க புது ஊடு கட்டுனோம். ஊர்ல எங்களுக்கு வேப்பமரத்தூடுன்னுதான் பேரு. இப்ப மரம் இல்லைங்க. பேராவது இருக்கோணுமில்லீங்களா?"

அந்த மரத்தின் பலகையிலேயே 'வேப்பமரத்து வீடு' என்று குடைய வேண்டும். மற்றதெல்லாம் ஜன்னலாகவும் விறகாகவும் போய்விட்டதாம். மிச்சம் இந்த ஒரே பலகை. கெடுத்துவிட்டால்? வெட்டிய மரத்தை மறுபடி முளைக்கச் சொல்ல முடியுமா?

தைரியமாகத் தலையாட்டி வாங்கி வைத்தேன். அவர் போன பிறகுதான் யோசித்தேன். இதுவரை நான் குடைந்ததெல்லாம் ஆங்கிலப் பலகைகள். தமிழ் கேட்டவர்களுக்கு பெயின்ட் அடித்துத்தான் கொடுத்திருக்கிறேன். என்னிடம் இருந்த பழைய மெஷினோ பிட் ஆடி ஆடி, நேர்க்கோட்டையே நெளிகோடாக்கிக்கொண்டிருந்தது.

படித்த பெண் என்ன செய்வாள்? படிப்பாள். கிடைத்த விமர்சனங்களையெல்லாம் படித்தேன். வீடியோக்கள் பார்த்தேன். நோட்டு நிறையக் குறிப்பெடுத்துக்கொண்டு சேலம் டவுனில் ஒரு டூல்ஸ் கடைக்குப் போனேன்.

வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டார் கடைக்காரர். மெஷினைப் பிடிக்கப் போவது நான்தான் என்றேன். நோட்டைத் திறந்தேன். மோட்டாருக்கு எவ்வளவு பவர், வேகத்தைக் கூட்டிக் குறைக்க டயல் இருக்கிறதா, சுவிட்ச் போட்டதும் உதறாமல் மெதுவாகக் கிளம்புமா, பிட்டின் காம்பு கால் இன்ச்சா, அரை இன்ச்சா… மனிதர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேப்பம் பலகை, ஒன்றுதான் இருக்கிறது, கெடக் கூடாது என்பதையும் சொன்னேன். ஒற்றைக் கையில் பிடிக்கிற சின்ன மெஷினை எடுத்து வைத்தார்.

"லேடீஸுக்கு இதுதாங்க கரெக்ட்."

கோபம் வந்தது. ஆனால் என் நோட்டும் அதே சின்ன மெஷினைத்தான் சொன்னது. என்ன செய்ய? துண்டுப் பலகை ஒன்றில் ஆங்கிலத்தில் 'வெல்கம்' என்று ஓட்டிக் காட்டினார். வெண்ணெயில் கத்தி போனது போலப் போனது. பர்ஸைத் திறந்தேன்.

"கண்ணு… என்னத்த எழுதப் போறீங்க?"

குரல் கடையின் பின்பக்கம் ரிப்பேர் மேசையிலிருந்து வந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அக்கா, மோட்டார் ஒன்றுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். ஜெயா அக்கா என்றுதான் கடையில் எல்லாரும் கூப்பிட்டார்கள்.

என்ன எழுதப் போகிறேன்? என் நோட்டில் அந்தக் கேள்வியே இல்லை.

அட்டைப்பெட்டி மூடி ஒன்றையும் மார்க்கரையும் என் பக்கம் தள்ளினார். எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் – அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் அட்டையை வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு இடத்தில் விரலை வைத்தார்.

"இது ரெண்டுந்தானுங்க தகராறு பண்ணும்."

'ப்' மேல் ஒரு புள்ளி. 'த்' மேல் ஒரு புள்ளி.

பலகை செய்கிற ஒருவர், எழுத்து கெடுகிறது என்று இதே சின்ன மெஷினை மூன்று முறை ரிப்பேருக்குக் கொண்டுவந்தாராம். அக்கா மூன்று முறையும் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஒரு கோளாறும் இல்லை. நாலாவது முறை, அவரையே இங்கே உட்கார்ந்து எழுதச் சொல்லிப் பார்த்தாராம்.

"சின்னது சாஞ்சுதாங்க மரத்துல எறங்கும். கோட்டுக்குப் பரவால்ல. புள்ளியில சாயறதுக்கு ஏதுங்க எடம்?"

புள்ளியை மட்டும் டிரில் மெஷினில் போட்டுக்கொள்ளலாமே என்றேன். தோற்க மனம் வருமா?

"போடலாங்க. ஓரம் பிஞ்சுச்சுன்னா? ஒத்தப் பலகைன்னு சொன்னீங்களே."

பர்ஸை மூடினேன்.

சின்ன மெஷினைச் சாய்த்து இறக்கி ஒரு புள்ளி போட்டுக் காட்டினார். வெள்ளரி விதை போல நீளமாக விழுந்தது. அடுத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த பெரிய மெஷின். இரண்டு கம்பிகள், அவற்றில் ஸ்பிரிங். மெஷினை மரத்தின் மேல் வைத்து அழுத்தினால், மோட்டார் மட்டும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நட்டுக்குத்தாக இறங்குகிறது. ஒரு நொடி சத்தம். கையை எடுத்தால் தானாக மேலே ஏறிக்கொள்கிறது.

மரத்தில் ஒரு புள்ளி. மிளகு போல உருண்டையாக.

பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் வைக்கிற புள்ளிதானே? எத்தனை ஆயிரம் வைத்திருப்பேன்… ஒருநாளாவது அதைப் பார்த்திருக்கிறேனா? மற்ற கோடெல்லாம் எங்கிருந்தோ வளைந்து வந்து எங்கோ போகிறது. புள்ளி மட்டும் மேலிருந்து நேராக இறங்குகிறது. இறங்கிய இடத்தில் எழுத்தின் வாயை மூடுகிறது. அது இல்லாவிட்டால் 'வேபபமரதது வீடு'. திக்குவாய் வீடு!

பெரிசு வெயிட் அதிகம் என்று இழுத்தார் கடைக்காரர்.

"இட்லிக் குண்டான எறக்கறதில்லீங்களா? ரெண்டு பக்கமும் புடிச்சா எறங்கீரும்," என்றார் அக்கா, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெரிசையே வாங்கினேன். கூடவே அக்காவின் போன் நம்பரையும்.

இரண்டு நாள் துண்டு மரத்தில் பழகிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பலகையில் கை வைத்தேன். வேப்பந்தூள் பறந்து முகமெல்லாம் படிந்தது. உதட்டை நக்கினால் கசந்தது. வெட்டி இத்தனை மாதமாகியும் மரம் தன் கசப்பை விடவில்லை. எழுத்துகளை முடித்து, புள்ளிகளைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். இரண்டு கைப்பிடியையும் பற்றினேன். மூச்சைப் பிடித்து அழுத்தினேன். ஒன்று. திரும்பவும் ஒன்று.

ராசிபுரத்து அண்ணன் வந்து, ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"மொளச்சிருச்சுங்க," என்றார். அவ்வளவுதான்.

பலகையை போட்டோ எடுத்து ஜெயா அக்காவுக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"புள்ளி ரெண்டும் மொளகாட்ட உக்காந்துருச்சுங்க கண்ணு. அன்னிக்கே ஒண்ணு கேக்கோணும்னு நெனச்சேன்… அதுல என்னன்னுங்க எழுதியிருக்குது?"

மூன்று முறை போட்டுக் கேட்டேன். அன்றைக்கு அட்டையை அவ்வளவு நேரம் பார்த்தாரே… வாசிக்கிறார் என்றல்லவா நினைத்தேன்?

போனை வாயருகே வைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். வேப்ப. மரத்து. வீடு.

"ஓ… ஊட்டுப் பேருங்களா," என்று பதில் வந்தது. "நல்லா இருக்குதுங்க."

சரியான கேள்வியைக் கேட்க அந்த அக்காவுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலை எழுதிக் காட்டத்தான் எனக்குப் பதினைந்து வருஷப் படிப்பு வேண்டியிருந்தது.