திவான் மைதீன் சலிக்காமல் விட்ட லாரி

என் அக்கா ஹஃப்சாவைக் கட்டிய திவான் மைதீனுக்கு சவுதிப் பாலைவனத்தில் மணல் சலிக்கிற வேலை. பதினாறு வருஷமாக இதே வேலைதான். "மணலுக்குப் பஞ்சமில்லாத ஊர்ல மணலச் சலிக்கதுக்குக் கடையநல்லூர்லேர்ந்து ஆளாக்கும்?" என்று நான் கேலி பண்ணாத லீவு கிடையாது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் அந்தக் கேலி. மனுஷர் கோபப்பட மாட்டார். உட்கார வைத்து விளக்குவார்.

பூமிக்குள் ஆழமாக இறங்கி, அங்கிருந்து படுக்கைவாட்டில் போகிற கேஸ் கிணறு. தண்ணீரை அழுத்தி ஏற்றினால் பாறை வெடிப்பு விடும். அழுத்தம் குறைந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். மூடாமல் தாங்கிப் பிடிக்கத்தான் தண்ணீரோடு மணலையும் அனுப்புகிறார்கள். முன்பு கப்பலில் பருமணல் வந்தது. இப்போது அங்கேயே அள்ளுகிற, ரவையைவிடப் பொடியான மணல். மயிரிழை வெடிப்புக்குள்ளும் அது நுழைந்துவிடும். ஆனால் தூசி கலந்திருந்தால் வழி அடைத்து, கேஸ் வராது. அதனால் ஒவ்வொரு லாரியிலும் ஒரு பிடி எடுத்து, அடுக்குச் சல்லடையில் பத்து நிமிஷம் குலுக்கி, எடை பார்த்துவிட்டு மச்சான் கையெழுத்துப் போட வேண்டும்.

போன ஆனியில் சாரல் கட்டியதும் அக்கா குற்றாலம் ஐந்தருவியிலிருந்து மச்சானை வீடியோ காலில் கூப்பிட்டாள். வருஷா வருஷம் அருவியைக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆடியில் ஊருக்கு வர டிக்கெட் கையில் இருந்தும் பொறுமை இல்லை. "இன்னும் கொஞ்சம் கிட்டத்துல காட்டு ஹஃப்சா, சத்தம் கேக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே, வந்து நின்ற லாரிக்குச் சலிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் மணல் தொட்டியில் இறங்கிவிட்டது. பம்பு ஓடக் கால் மணி நேரம்தான் பாக்கி. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்காய்க்குத் தெரியாது. சொன்னால் வேலையே போகலாம். மகள் மிஸ்ரியா நர்சிங் படிப்பில் பாதிதான் தாண்டியிருந்தாள்.

ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார். என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அதிகாரி கேட்டதற்கு, அருவி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அதையும் சொன்னார் அந்த மகராசன்! நாற்பது பேர் கொதிக்கிற வெயிலில் காத்து நிற்க, தொட்டியிலிருந்து மணலை எடுத்துச் சலித்தார்கள்.

தூசியே இல்லை. அருமையான மணல்.

வேலை தப்பியது. ஆனால் லீவை ரத்து செய்துவிட்டார்கள். இரண்டு வருஷமாகக் காத்திருந்த அக்கா, செய்தி கேட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. போனை வாங்கிக் கத்தினேன்.

"ஏன் மச்சான், மணலு நல்லாத்தான இருந்துச்சு? சும்மா இருந்திருந்தா அடுத்த மாசம் குத்தாலத்துல குளிச்சிக்கிட்டு இருப்பியளே!"



"நல்ல மணலுன்னு சலிச்ச பொறவுதான மச்சான் தெரிஞ்சுது" என்றார்.