கதிரில் வந்த லட்சுமி

வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் நான்கு வருடம் நான் செய்த வேலை, ஒரு பூஞ்சையை வேவு பார்ப்பது. நெற்கதிரில் மணி இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் உருண்டையை வைத்துவிட்டுப் போகிற பூஞ்சை. அதன் செல்லுக்குள் உட்கரு இரண்டாகும், இரண்டு நான்காகும். பிறகு பூஞ்சைக்கு விதை மாதிரியான வித்துகளுக்குள் போய்க் குடியேறும். அதைப் படம் பிடித்தால் முனைவர் பட்டம். 'கரு பிரியுது' என்று நான் சொன்னதை அப்பா அம்பாசமுத்திரம் டீக்கடையில் 'அணு பிளக்குது' என்று சொல்லிவைக்க, எனக்குக் கூடங்குளத்தில் வேலை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நானும் மறுக்கவில்லை. பூஞ்சை என்றால் எவன் மதிப்பான்?

பிசான போக நெல் அறுப்புக்குச் சில நாள் முன்பு வீட்டுக்குப் போனேன். சாமி படத்துக்கு முன்னால் என் பூஞ்சை, பொட்டும் பூவுமாக ஒரு கதிரில் கொலுவிருந்தது.

"லெச்சுமி வந்திருக்கா, பாருட்டி. வயல் பூரா மஞ்சளா கெடக்கு. வெளைச்சல் அள்ளப்போவுது. அடுத்த கார் சாகுபடிக்கும் இதுலயே வெத எடுக்கப்போறேன்" என்றார் அப்பா.

எனக்குப் பகீரென்றது. அவருக்கு இருப்பது அந்த ஒரு வயல்தான். கூடவே படித்த திமிரும் எட்டிப் பார்த்தது. அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். இது லட்சுமி இல்லை, நோய். இந்த மஞ்சள் பொடி முழுக்கப் பூஞ்சை வித்து. இதில் விதை எடுத்தால் அடுத்த போகமும் போச்சு. லேப்டாப்பைத் திறந்து, நீலச் சாயம் ஏற்றிய உட்கருக்களை வரிசையாகக் காட்டினேன். எனக்குத் தேர்வு நடத்திய பேராசிரியர்கள்கூட அவற்றை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"சரி, வெத எடுக்கல. இப்ப என்ன மருந்து அடிக்க?"

"இனிமே அடிச்சுப் பிரயோசனம் இல்லப்பா. கதிர் வெளிய வாரதுக்கு முன்னாலயே, பயிர் சூல் கட்டும்போதே அடிச்சிருக்கணும்."

அப்பா கதிரைக் கையில் எடுத்து, அதில் வைத்திருந்த பூவைப் பிரித்துப் போட்டார். கத்தியிருந்தால் நானும் கத்திச் சமாளித்திருப்பேன். அவர் பையத்தான் கேட்டார்.

"சூல் கட்டுத சமயத்துல ஞாயித்துக்கிழம தவறாம போன் போட்டு, கரு ரெண்டாச்சு, நாலாச்சுன்னு சொன்னேல்லா. அப்ப இதையும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாட்டி?"