மாநாடே நடக்காத மாநாட்டுக் கூடம்

தீர்த்தமலை அடிவாரத்தில் இருந்த எங்கள் அரசு விடுதியின் கூடத்தில் தேக்கில் செய்த போடியம் ஒன்று உண்டு. மாநாடுகளில் பேசுபவர்கள் நின்று முழங்குவதற்காகச் சென்னைத் தலைமை அலுவலகம் லாரியில் ஏற்றி அனுப்பியது. பேச்சைத் தாளில் வைத்துப் படிக்க வசதியாக அதன் மேல்பலகை சாய்வாக இருந்தது. அந்தச் சாய்வைத் தச்சரைக் கூப்பிட்டுச் சமமாக்கியவர் எங்கள் மேனேஜர் அம்மா. சீர்த்தட்டு வைத்தால் வழுக்குகிறது என்பது அவர் சொன்ன காரணம். அரசுச் சொத்தில் கை வைக்கிறோமே என்று நான் தயங்கியபோது, "தட்டு வுழுந்தா தேங்கா ஒடையும் தம்பி, பலகைய சீவுனா யாருக்கு என்னா ஒடையப் போவுது?" என்றார். அவரிடம் எதிர்வாதம் செய்து ஜெயித்தவர் யாரும் கிடையாது.

சுற்றுலாவையும் மாநாடுகளையும் சேர்த்து வளர்ப்பதற்கென்று இருந்த அரசுக் கழகத்தின் கடைக்கோடிக் கிளை நாங்கள். மலையேறித் தீர்த்தமாட வருபவர்கள் அறைகளில் தங்குவார்கள். கூடமோ ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. மாநாடு, கருத்தரங்கு தவிர வேறு எதற்கும் விடக்கூடாது என்பது விதி. அரூர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் யார் வந்து கருத்தரங்கு நடத்துவார்கள்? மொட்டையும் காதுகுத்தும் முடித்து ஈரத்துணியோடு மரத்தடியில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து மேனேஜர் அம்மா தலைமை அலுவலகத்துக்கு அனுமதி கேட்டு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். அதற்கும் இல்லை. "வேணாம்னு அவங்க சொல்லலீங்களே" என்று கூடத்தைத் திறந்துவிட்டார். வாடகை முழுவதும் முறையாக ரசீது போட்டே கழகத்துக்குப் போனது.

அப்போதுதான் கழகத்தைச் சீரமைக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. சுற்றுலா ஒரு நிறுவனம், மாநாடு இன்னொரு நிறுவனம். கூடம் உள்ள கிளைகள் மாநாட்டு நிறுவனத்துக்குப் போகும். மாநாடே நடக்காத கிளை தனியாருக்குக் கைமாறும், ஊழியர்கள் சென்னைக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்த காலம் அது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டயாலிசிஸ் முறை கிடைத்து, பழகிய நர்சுகளின் கையில் அவர் கொஞ்சம் தேறிக்கொண்டிருந்தார். அவரை விட்டுப் போகவும் முடியாது, கூட்டிக்கொண்டு போய்ப் புது இடத்தில் அலைக்கழிக்கவும் முடியாது. விஷயம் அப்பா காதுக்கும் போனது. ஒரு நாள் பார்த்தால் தன் வேட்டி சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக் கதவோரம் வைத்திருந்தார். "நீ எங்கனா நானும் அங்க" என்றார். அந்தப் பெட்டியைத் தாண்டி வேலைக்குப் போவது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

கிளைகளைப் பார்வையிட ஓர் அதிகாரி திங்கட்கிழமை வருவதாக இருந்தது. மனிதர் கோயிலையும் பார்த்துவிடலாம் என்று ஞாயிறே புறப்பட்டு வந்துவிட்டார். அன்று கூடத்தில் பாப்பாரப்பட்டிக் குடும்பம் ஒன்றின் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் வந்து இறங்கினால் வாசலிலேயே மேளம் கொட்டி, ஆலாத்தி சுற்றித்தான் உள்ளே அழைப்பார்கள். அதில் குறை வைத்தால் தலைமுறைக்கும் பழிச்சொல் நிற்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் அந்தத் தாய்மாமன் தன் கம்பெனி முதலாளியையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தார். வாசலில் வெள்ளைக் கார் நின்றது, மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் இறங்கினார். முதலாளி முன்னால் வந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மேளம் முழங்கியது. அவர் வாய் திறப்பதற்குள் நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை, எதிரே வாழையிலை.

நான் பதறி ஓடினேன். மேனேஜர் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். விதியை மீறியது அவர். ஓய்வு பெறும் வயதில் விசாரணை என்று வந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும், "சாப்புடட்டும் வுடுங்க தம்பி. பந்தியில ஒக்காந்தவருக்கு எலயில கெடக்கறதும் தெரியும், எதிர்ல நிக்கறவங்களும் தெரிவாங்க" என்றார்.

அதிகாரி பாயசம் வரை சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, தான் யார் என்று சொன்னார். மாலையைக் கழற்றியபடியே, "இங்கே இதுவரைக்கும் எத்தனை மாநாடு நடந்திருக்கு?" என்று கேட்டார். மேனேஜர் அம்மா கையைக் கட்டிக்கொள்ளவில்லை. "பெரிய மாநாடு ஒண்ணும் இல்லீங்க சார். இந்த மாதிரி பங்காளிங்க மாநாடு, மாமன் மச்சான் மாநாடுதாங்க. முகூர்த்த நாள்ல எடமே இருக்காது" என்றார். குழந்தையின் அப்பா முன்னால் வந்தார். "இத மூடிப்புட்டா நாங்க புள்ளைய ஈரத்தோட பஸ்ஸுல ஏத்திக்கிட்டு அரூர் போயி மண்டபம் புடிக்கணுங்க. தப்புன்னா எங்கமேல எழுதுங்க, அந்தம்மா மேல எழுதாதீங்க." அதிகாரி போடியத்தில் அடுக்கியிருந்த தாம்பூலப் பைகளையும் சீவிய பலகையையும் வெகுநேரம் பார்த்தார். போகும்போது ஒரு பையை அவரே எடுத்துக்கொண்டார். அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

ஆணை வந்த அன்று நான் அப்பாவோடு டயாலிசிஸ் வார்டில் இருந்தேன். மேனேஜர் அம்மா போனில் கூப்பிட்டார். மாநாட்டு நிறுவனம் பெருநகரக் கூடங்களோடு நின்றுவிட்டது, நம் கிளை சுற்றுலாவோடு இருக்கிறது, கூடத்தைக் குடும்ப விசேஷங்களுக்கு விடலாம் என்று எழுத்திலேயே வந்துவிட்டது என்றார். "அப்பாகிட்ட சொல்லுங்க, நீங்க எங்கயும் போகலீன்னு." குழாய்கள் பொருத்திய கையை அசைக்காமல் அப்பா என் முகத்தையே பார்த்தார். நான் சொல்லாமலே புரிந்துகொண்டார். "அப்ப அந்தப் பொட்டிய எடுத்துப் பரண்மேல போட்டுரு. வழியில கெடக்குது" என்றார். அன்றிரவு எத்தனையோ நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

போன மாதம் என் தங்கை மகளுக்கு அதே கூடத்தில் காது குத்தினோம். இந்த முறை மேளத்தோடு அழைக்கப்பட்ட தாய்மாமன் நான். முந்தின நாள் டயாலிசிஸ் முடித்த களைப்பையும் மீறி அப்பா முன்வரிசையில் பட்டுத்துண்டோடு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றுவிட்ட மேனேஜர் அம்மா தாமதமாக வந்து, கொண்டுவந்த பழத்தட்டை நேராகப் போடியத்தின் மேல் வைத்தார். தட்டு நகர்கிறதா என்று ஒரு விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டார்.

"என்னங்க தம்பி, மாநாடு நல்லா நடக்குதுங்களா?"

"நடக்குதுங்க மேடம். அப்பாதான் தலைமை."