உள்ளே விட்ட துணி

கொச்சியில் மட்டாஞ்சேரிப் பக்கம் வீரலட்சுமி தைத்த ஜாக்கெட்டை யாரும் லேசில் தூக்கிப் போட்டதில்லை. பிள்ளை பெற்று உடம்பு பெருத்தவர்கள்கூட பழைய ஜாக்கெட்டையே எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை விட்டு வைப்பது அவள் வழக்கம். தையலைப் பிரித்துவிட்டால் போதும், உடம்போடு ஜாக்கெட்டும் வளரும். வேறு தையல்காரர்கள் அந்தத் துணியை மிச்சம் பிடித்துவிடுவார்கள். இவளுக்கு அந்தச் சாமர்த்தியம் வரவே இல்லை. "நாளைக்கு அவங்களுக்கு வேணுமில்லையா?" என்பாள். ஊராரின் நாளையைப் பற்றி அவ்வளவு கவலை அவளுக்கு.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா காலத்திலேயே வந்து, பஜாரின் அரிசி மண்டிகளை நம்பிப் பிழைத்த குடும்பம். வாழ்க்கைப்பட்டதும் அந்தப் பஜார்த் தெருவில்தான், சுக்கு குடோனுக்குப் பின்னால். புருஷன் ராசப்பன் மண்டி வேலையை விட்டுவிட்டு எழுபத்தெட்டில் துபாய்க்கு ஒரு ஸ்டோர் வேலைக்குப் போனான். கிளம்புவதற்கு முன்பு அவனுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுத்தாள். இடது கைக்காரன். முடிச்சைத் துணிக்கு உள்பக்கம் போடச் சொன்னால் வெளிப்பக்கம்தான் போடுவான். அதுவும் நூலைச் சுற்றிச் சுற்றி, ஒரு உருண்டையாக.

"என்ன இது, ஈ வந்து உக்காந்த மாதிரி?" என்று சிரித்தாள்.

"இந்த ஈ பறந்து போகாது, கேட்டியா. விசா ஆகட்டும், வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். பின்னே நீயே தைச்சுக் குடு."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளைத் தள்ளினாள். வீட்டில் அவளும் மாமியார் சீனியம்மாளும் மட்டும். கடிதம் வரும், பணம் வரும், விசா மட்டும் வராது.

எண்பத்தொன்றில், ராசப்பனோடு வேலை பார்க்கும் அதே தெரு வெங்கிட்டு லீவில் வந்தபோது ஒரு பொட்டலம் கொண்டு வந்தான். ஆகாய நீலத்தில், கையில் நிற்காமல் வழுக்கும் துணி. கூடவே ஒரு வெள்ளைக்காரி கவுன் போட்டுக்கொண்டு நிற்கும் படம் ஒட்டிய கவரில், துணி மேல் வைத்து வெட்டுவதற்கான மெல்லிய பேட்டர்ன் காகிதங்கள். மானேஜர் வீட்டு மேடத்துக்கு வேணுமாம். அளவும் எழுதி அனுப்பியிருந்தான். நன்றாகத் தைத்துக் கொடுத்தால் விசாவுக்கு மேடம் ஒரு வார்த்தை சொல்வாராம். அப்புறம் கேட்பானேன்? வந்த ஜாக்கெட்டுகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு இதில் உட்கார்ந்துவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, கஷ்டமான உடுப்பு. தோளிலிருந்து மடிப்பு மடிப்பாகத் துணி மார்பின் மேல் தழைந்து இறங்கி இடுப்பில் வந்து ஒதுங்க வேண்டும். காகிதத்தில் இருந்த இங்கிலீஷ் அவளுக்குப் படிக்கத் தெரியாது. முதலில் ராசப்பனின் பழைய வேட்டியை வெட்டித் தைத்துப் பார்த்தாள். மடிப்பு விறைத்துக்கொண்டு நின்றது. காகிதத்தில் ஒரு அம்புக்குறி கோணலாக ஓடுவதை அப்புறம்தான் கவனித்தாள். துணியைக் குறுக்கு வாட்டத்தில் போட்டு வெட்டியதும் மடிப்பு தானாகத் தழைந்து விழுந்தது. அவளுக்கு வந்த சந்தோஷத்தில் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

சுக்குத் தூசி படாமல் தரையைத் துடைத்துத் துடைத்து நீலத் துணியை விரித்து வெட்டினாள். அதே நிறத்தில் நூல் கிடைக்காமல் படகேறி எர்ணாகுளம் போய் வாங்கி வந்தாள். குறுக்கு வாட்டத் துணி தன் கனத்தில் தானே இறங்கும் என்பதால், ஓரம் மடிப்பதற்கு முன்பு கதவின் மேல் இரண்டு நாள் தொங்கவிட்டாள்.

"எடுத்து உள்ளே வைடி. வாசல்ல எவளோ வந்து நிக்கிற மாதிரி இருக்கு," என்றாள் சீனியம்மாள்.

வழக்கம்போல உள்ளே இரண்டு விரல் துணி விட்டாள். அனுப்புவதற்கு முன்பு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை தானே போட்டுப் பார்த்தாள். மார்பில் கொஞ்சம் பிடித்தது. ஆனாலும் அலமாரிக் கண்ணாடியில் தெரிந்தவள் அழகாகத்தான் இருந்தாள். துபாய்க்குப் போனதும் தனக்கும் இதே மாதிரி ஒன்று தைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறு வருஷம் வெங்கிட்டு வந்தான். விசா வரவில்லை. அந்த நீல உடுப்புதான் திரும்பி வந்தது.

"மேடத்துக்குக் கொஞ்சம் தடி வெச்சு உடம்பு பெருத்திருக்கு, சேச்சி. லூசாக்கணுமாம். அவங்களுக்கு இதுன்னா உயிராம், அங்கே வேற தையல்காரன் கையில குடுக்க மாட்டேங்கறாங்களாம்." சொல்லும்போது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கே பிடிக்குதாம்? கையா, முதுகா?"

"இல்லை, முன்பக்கம் மட்டும் போதும்னான் ராசப்பன். வயித்துக்கிட்டே."

சதை போட்ட உடம்பு வயிற்றில் மட்டும் பெருக்காது என்பது தையல்காரிக்குத் தெரியாதா? மேடத்துக்கு விசேஷம் போலிருக்கிறது என்று சந்தோஷமாகவே நினைத்தாள், பைத்தியக்காரி. முன்பக்கம் இன்னும் கொஞ்சம் துணி விட்டிருக்கலாமே என்றுகூட வருத்தப்பட்டாள்.

பிரிப்பதற்காக உடுப்பைத் திருப்பிப் போட்டபோதுதான் முதுகுப் பக்கத்து ஹூக்கைப் பார்த்தாள். அவள் வைத்த ஹூக் அறுந்து, வேறு ஒன்று தைக்கப்பட்டிருந்தது. முடிச்சு வெளிப்பக்கம். நூலைச் சுற்றிச் சுற்றி, ஒரு உருண்டை.

ஈ உட்கார்ந்திருந்தது.

மானேஜர் பெண்டாட்டியின் முதுகு ஹூக்கை ஸ்டோரில் வேலை பார்ப்பவன் எதற்குத் தைக்கிறான்? அந்த ராசப்பனின் துணிச்சலைப் பாருங்கள்! மேடம் என்று பேர் சொல்லி, அங்கே தான் சேர்த்துக்கொண்டவளுக்குக் கட்டினவள் கையாலேயே தைக்க வைத்து, அவள் வயிறு தள்ளியதும் அதையும் இவளிடமே அனுப்பியிருக்கிறான். இவளுக்கு எதுவும் தெரியவராது என்று அவ்வளவு நிச்சயம். வீரலட்சுமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பழைய வேட்டியும், படகேறிப் போய்த் தேடிய நூலும், கண்ணாடி முன்னால் நின்ற நிமிஷமும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, தன்னை நினைத்தே அவளுக்கு அவமானமாக இருந்தது.

உடுப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சீனியம்மாளிடம் முடிச்சைக் காட்டினாள். "இது யார் கை அத்தே?"

சீனியம்மாள் முடிச்சையும் பார்க்கவில்லை, என்ன ஏது என்றும் கேட்கவில்லை.

"தனியாக் கிடக்கிற ஆம்பளை, மோளே. என்னவோ ஆயிப் போச்சு. உனக்கு ஒரு குறையும் வைக்கல்லையே, மாசாமாசம் பணம் அனுப்புறானில்லையா? தைச்சுக் குடுத்துடு. நாலு பேரு அறிஞ்சா எனக்குத்தான் நாணக்கேடு."

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"போன லீவிலேயே வெங்கிட்டு சொன்னான்."

போன லீவு என்றால், துணி வந்தபோதே. கதவில் தொங்கியதைப் பார்த்து எடுத்து வைக்கச் சொன்னாளே, அப்போதே தெரிந்திருக்கிறது. ஒரே சட்டியில் பொங்கித் தின்றுகொண்டு, இவள் விழுந்து விழுந்து தைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். புருஷன் செய்ததைவிட இதுதான் வீரலட்சுமிக்குத் தாங்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தக் கிழவிக்கு முன்னால் அழக்கூடாது என்று உள்ளே போய்விட்டாள்.

மெஷின் முன்னால் உட்கார்ந்து உடுப்பை மடியில் போட்டுக்கொண்டாள். உள்ளே அவள் விட்டு வைத்த துணி பத்திரமாக இருந்தது. தையலைப் பிரித்தால் அந்த வயிற்றுக்குத் தாராளமாகப் போதும். அவள் தையலைப் பிரிக்கவில்லை. கத்தரியை எடுத்து, முன்பக்கத் தையலை ஒட்டி, உள்ளே விட்ட துணியை மேலிருந்து கீழ் வரை நறுக்கி எடுத்தாள். இந்தப் பக்கமும், அந்தப் பக்கமும். இனி எந்தத் தையல்காரனாலும் அதை ஒரு நூல் அகலம்கூடப் பெரிதாக்க முடியாது. ஹூக்கையும் முடிச்சையும் அவள் தொடவில்லை.

பிறகு உடுப்பைச் சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு மடித்தாள். நறுக்கிய நீலத் துண்டுகளைச் சுருட்டி, பிரித்தவுடன் கண்ணில் படும்படி மேலே வைத்தாள். பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, வெங்கிட்டு வீட்டுக்குத் தானே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.