ஆடி வரை பொறுக்கச் சொன்னேன்

கொழும்பில் வீடு விற்பனைக்கும் பருவம் உண்டு என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்கு அந்த நாட்களில் பெரிய பெருமை. அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்துகொண்டு, மாலை நேரங்களில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஊரவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தேன். தரகு வாங்கியதில்லை. விஷயம் தெரிந்தவன் என்ற பெயர் எனக்குப் போதுமாயிருந்தது.

தையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டியவர்கள் மார்கழியில் அலைவார்கள். வைகாசியிலும் ஆவணியிலும் மகள்மாருக்குச் சீதன வீடு தேடி, தென்னிலங்கையில் கடை வைத்திருந்த, வடக்கே எங்கள் தீவுகளைச் சேர்ந்தவர்கள் வந்து நிற்பார்கள். சித்திரைக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆடியில் எவரும் வீட்டு உறுதிப்பத்திரம் எழுத மாட்டார்கள். விற்கிறவன் இறங்கி வருவது அப்போதுதான்.

அறுபதுகளின் நடுப்பகுதியில் எங்கள் தீவில், புளியங்கூடலில் இருந்த என் அக்காவின் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, சம்பந்தம் பொருந்தியது. அவள் ஊர்காவற்றுறையில் அப்போதுதான் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். மாப்பிள்ளை கொழும்பில் பொறியியலாளர். ஆவணியில் கலியாணம், அதற்கு முன் பெண்ணின் பெயரில் கொழும்பில் ஒரு வீடு. மாப்பிள்ளையின் தாய் கேட்டது அவ்வளவுதான்.

அத்தான் பனங்காணியையும் தோட்டத்தையும் விற்றுவிட்டு, பங்குனியில் கொழும்புக்கு வந்தார். நான் காட்டிய மூன்றாவது வீடு அவருக்குப் பிடித்துவிட்டது. அவுஸ்திரேலியாவுக்குப் போக இருந்த ஒரு பறங்கிக் குடும்பத்தின் வீடு. ஆவணியில் கப்பல்.

சித்திரை விடுமுறைக்கு நான் புளியங்கூடலுக்குப் போனபோது, அந்த வீட்டுப் பேச்சாகவே இருந்தது.

"கேக்கிற விலையைக் குடுத்து முடிப்பம் தம்பி," என்றார் அத்தான்.

"அவசரப்படாதேங்கோ அத்தான். ஆடி மட்டும் பொறுங்கோ. கப்பலேறப் போற மனிசன் வீட்டைத் தூக்கிக்கொண்டே போகப்போறார்? கால்வாசி குறைச்சுத் தருவார்."

"இடையிலை வேறை ஆர் எண்டாலும் வாங்கினால்?" குசினி வாசலில் நின்ற அக்கா கேட்டாள்.

"அந்த விலைக்கு ஒருத்தரும் வராயினம். எனக்குத் தெரியாதே அக்கா?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். "தம்பி சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றாள். மருமகள் உள்ளறையில் சேலைக்கு இஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை.

வைகாசி முடிகிற நேரம், விலை இறங்குகிறதா என்று நாடி பிடித்துப் பார்க்க அந்த வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. மதிலுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் முற்றத்தில் நின்றார். பேச்சிலேயே பக்கத்துத் தீவு என்று தெரிந்தது. தெற்கே காலி நகரத்தில் கடையாம்.

"மகளுக்கு வாங்கினனான்," என்றார். "கேட்டதைக் குடுத்தனான். பிடிச்ச வீட்டை விட்டுட்டு நிக்கேலுமே?"

மாப்பிள்ளையின் தாயிடம் ஓடினேன். வேறு இரண்டு வீடுகள் காட்டினேன். ஒன்று இருட்டு என்றார். மற்றது ரயில் சத்தம் என்றார். "பாப்பம்" என்று இரண்டு கிழமை இழுத்தார். பிறகு, சாதகத்தில் ஏதோ குறை என்று புளியங்கூடலுக்குக் கடிதம் போனது. ஆவணியில் என் கந்தோருக்கு ஒரு கலியாணக் காட் வந்தது. அதே மாப்பிள்ளை. பெண் காலிக் கடைக்காரரின் மகள். விருந்துபசாரம் நடக்கும் இடம் என்று அந்த வீட்டின் இலக்கமே போட்டிருந்தது.

வீடும் மாப்பிள்ளையும் ஒரே இடத்துக்குப் போனதைக் கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. ரயிலேறிப் போய், தீவுக்குப் போகும் பண்ணைப் பாலம் தாண்டி, புளியங்கூடலில் இறங்கினேன். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை அவள் கை நிற்கவில்லை. அத்தான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். மருமகள்தான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா, அந்த வீடு ஆடி மட்டும் விலைப்படாமல் கிடந்திருந்தால் எவ்வளவு குறைஞ்சிருக்கும்?"

என் மூளை எப்படிப்பட்டது என்று பாருங்கள். ஒரு கணமும் தயங்காமல் தொகையைச் சொன்னேன்.

"அவ்வளவுதானோ?" என்று கேட்டுவிட்டு, வெறுந்தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு வந்த பேச்சு எதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. காணி விற்ற காசு அவளுடைய தம்பியை லண்டனுக்கு அனுப்பப் போனது. அக்கா கடைசிவரை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பியிருப்பேன்.

எண்பதாம் ஆண்டுக்குக் கிட்ட, அக்காவின் செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, மருமகள் என்னை வழியனுப்ப பஸ் தரிப்பு வரை வந்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது. அவளோடு படிப்பிக்கிற ஓர் இளம் ஆசிரியையும் அங்கே நின்றாள். நான் கொழும்பில் இருக்கிறவன் என்று தெரிந்ததும், அங்கே வீடு வாங்குகிற யோசனை தங்கள் வீட்டிலும் இருப்பதாக அந்த ஆசிரியை சொன்னாள்.

"அப்ப இவரைக் கேளும்," என்றாள் மருமகள். "எங்கடை மாமா. எந்த மாதம் வாங்கினால் லாபம் எண்டு இவருக்குத்தான் தெரியும்."

அந்தப் பெண் ஆவலோடு என் பக்கம் திரும்பினாள். நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். பஸ் வரும்வரை மூன்று பேரும் வீதியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.