ஆறு பேருக்கு ஒரு கோட்டு

பரமநாதனுக்கு ஒரு பழக்கம். சும்மா நிற்க நேர்ந்தால் போதும், இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வலது முழங்கையைப் பிடித்துக்கொள்வார். பஸ் தரிப்பிடத்திலும் அப்படித்தான், கோயிலில் தீபம் காட்டும்போதும் அப்படித்தான். "வாத்தியார் வெளியிலை விட்ட பெடியன் மாதிரி" என்று மனைவி ஞானேஸ்வரி முப்பது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். மனிதர் திருந்தவில்லை. சுவிஸில் துன் நகரத்து ஹோட்டல் சமையலறை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் நின்றே உழைத்தவர், கையை எங்கே வைப்பது என்பதையாவது தன் இஷ்டப்படி செய்துவிட்டுப் போகட்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை அவர் பேர்ணுக்குப் புறப்பட்டபோது ஞானேஸ்வரி வாசலில் மறித்தார்.

"இஞ்சாருங்கோ, மத்தியானத்துக்கு முன்னம் அந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிப்போடுங்கோ. பிறகு உங்களுக்கு வாய் வராது."

"ஓம், ஓம்," என்றார் பரமநாதன். சொல்வதில்லை என்று அவர் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்.

பேர்ண் ஸ்டேஷனில் சிவதர்சினி காத்துநின்றாள். லண்டனில் தாதியாக வேலை செய்கிறவள், முப்பத்தெட்டு வயது. பரமநாதன் அவளுடைய நெற்றியையும் மூக்கையும் பார்த்தார். அச்சு அசல் அவளுடைய தகப்பன் தில்லைநாதன் அண்ணை. அவள் கைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தாள். உள்ளே ஆறு படங்கள். போன வருடம் தாய் இறந்த பிறகு அலுமாரியில் கிடைத்தவை.

"நான் பிறந்து நாலு மாதத்திலை அப்பா வெளிக்கிட்டவர், மாமா. இஞ்சையே செத்தும் போனார். எனக்கு அப்பா எண்டால் இந்த ஆறு படமுந்தான். அவர் நிண்ட இடத்திலை எல்லாம் நானும் ஒருக்கா நிக்கவேணும். பின்னேரம் சூரிச்சிலை பிளேன்."

பரமநாதன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தில் தில்லைநாதன் அண்ணை கறுப்பு நீளக் கோட்டோடு நேரே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறாவது படத்தில் அதே கோட்டு, முதுகு மட்டும்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. எண்பத்தெட்டில் பேர்ணில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடி அறையில் ஆறு அகதிப் பெடியன்கள் இருந்தார்கள். தேவாலயத்துப் பெண்மணி ஒருவர் கொண்டுவந்து தந்த கோட்டு ஒன்றே ஒன்று. மூன்றாவது பொத்தான் மட்டும் மண்ணிறம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆறு பேரும் கால்நடையாக ஊர்பார்க்கப் போவார்கள். முறைவைத்து ஒருவன் கோட்டைப் போடுவான். அன்றைக்கு அவனுக்குப் பெயர் கோட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளையை ஏதாவது ஒரு பெரிய கட்டிடத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது வழக்கம். மற்ற ஐந்து பேரும் மெல்லிய சுவெற்றரோடு, படத்துக்குள் விழாத தூரத்தில், பல் கிடுகிடுக்க நின்று சிரிப்பார்கள்.

ஊரில் இரண்டு தாய்மார் கோயிலில் சந்தித்துப் படங்களை மாற்றிப் பார்த்தபோது இரண்டிலும் அதே மண்ணிறப் பொத்தான். சுவிஸ் அரசாங்கம் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கோட்டுத் தைத்துக் கொடுக்கிறதாம் என்று ஊரெல்லாம் கதை பரவியது. அதைச் சொல்லி ஊரிலிருந்து கடிதம் வந்த நாள் அறையில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எத்தனையோ நல்ல நாட்கள் பிறகு வந்தன, பிள்ளைகள் பிறந்தார்கள், கடவுச்சீட்டுக் கிடைத்தது. ஆனாலும் அந்த ஞாயிறுகள் மாதிரி ஒரு ஞாயிறு பரமநாதனுக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

படம் எடுப்பது எப்போதும் தில்லைநாதன் அண்ணைதான். ஊரில் ஸ்ரூடியோவில் வேலை செய்தவர். "பல்லைக் காட்டாதை, கோட்டைக் காட்டு!" என்று கத்துவார். அவருடைய முறை வரும்போது மட்டும் கமராவை வேறு ஒருவன் வாங்குவான்.

முதல் படம் மணிக்கூட்டுக் கோபுரம். சிவதர்சினி அதன் கீழே நின்றாள். பரமநாதன் அவளுடைய போனில் படம் எடுத்தார். இரண்டாவது, மூடிய நடைபாதையின் கல் வளைவு. மூன்றாவது, பாராளுமன்றத்து வாசல். நான்காவது, பெரிய தேவாலயத்தின் பின்பக்கத்து முற்றம். அங்கேயே மனிதர் தன் வேலையைத் தொடங்கிவிட்டார்.

"இந்தத் தேவாலயக் கோபுரத்திலை ஏறினால் நல்ல வடிவு, பிள்ளை. வந்ததுக்கு ஏறாமல் போறதோ?"

அவளைக் களைக்கப்பண்ணிவிட்டால் ஆறாவது படத்தை மறந்துவிடுவாள் என்பது கணக்கு. முந்நூற்றுச் சொச்சம் படிகள். இறங்கி வந்தபோது அவளுக்கு ஒன்றுமில்லை, பரமநாதனின் முழங்கால்தான் கழன்றுவிடும்போல இருந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

சொல்லாமல் மறைத்தது இதுதான். அந்த வருடம் இலையுதிர் காலத்தில் தில்லைநாதன் அண்ணைக்கு இரத்தத்தில் நோய் பிடித்தது. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. ஒரு ஞாயிறு ரோசாத் தோட்டத்துக்கு எல்லாரும் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிப் போனார்கள். முறை அவருடையது. அவர் கோட்டைக் கழற்றிப் பரமநாதனிடம் நீட்டினார். "முகத்தைக் கண்டால் மனிசி அழுவாள். நீ போட்டுக்கொண்டு அங்காலை திரும்பி நில்." படத்தின் பின்னால் தன் கையாலேயே எழுதினார்: 'நான் நல்ல சுகம். மகளுக்கு ஒரு முத்தம்.' தை மாதம் போய்ச் சேர்ந்தார். அந்தக் கோட்டைப் போட்டுத்தான் அவரை அனுப்பிவைத்தார்கள்.

ஐந்தாவது படம் கரடிக் குழி. ஆற்றைத் தாண்டிப் போய் அங்கேயும் படம் எடுத்தாகிவிட்டது. ரோசாத் தோட்டம் அதற்கு நேர் மேலேதான். பரமநாதன் மேலே பார்க்காமல், "சாப்பிட்டிட்டு யோசிப்பம்" என்று அவளைத் திரும்பவும் பாலத்தைத் தாண்டிப் பழைய நகரத்துக்குக் கூட்டிவந்தார். ஞானேஸ்வரி கட்டித்தந்த புட்டை தெருவோர மரவாங்கிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு இந்தத் தெரு, அந்தத் தெரு, கல்லுப் பதித்த சந்து, மீண்டும் தெரு.

ஒரு நீரூற்றின் முன்னால் சிவதர்சினி நின்றுவிட்டாள். அதன் உச்சியில் ஒரு பூதம் குழந்தையொன்றை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, இந்தப் பூதம் இண்டைக்கு மூண்டாந்தரம் எங்களைப் பாக்குது. சுத்திச் சுத்திச் சுப்பற்ரை கொல்லைக்கைதான் நிக்கிறம்."

"பேர்ணிலை பூதம் கனக்க இருக்கு, பிள்ளை."

"அதே பிள்ளையைத்தான் தின்னுது."

பரமநாதனுக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. அவள் அருகிலிருந்த வாங்கிலில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். குதிக்காலில் பெரிய கொப்புளம். அப்பாடா, இனி ஏறமாட்டாள் என்று மனம் ஒரு கணம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிக்காக மறுகணமே தன்னைத் திட்டிக்கொண்டார். அவளோ தாதி. பையிலிருந்து பிளாஸ்ரரை எடுத்து ஒட்டிவிட்டு எழுந்தாள்.

"மாமா, உங்களுக்கு ஏலாட்டி இருங்கோ. நான் ரோசாத் தோட்டத்துக்குப் போட்டு வாறன். மற்ற ஐஞ்சு படமும் பறவாயில்லை. பரீட்சைக்குப் போகேக்கை நான் தொட்டுக் கும்பிட்டது இந்த முதுகைத்தான். அப்பா வீட்டுப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறார் எண்டு அம்மா சொல்லுவா."

அவளைத் தனியே விட மனம் வரவில்லை. திரும்பவும் பாலத்தைத் தாண்டி, செங்குத்தான கல்லுப்பாதையில் இருவரும் நொண்டி நொண்டி ஏறினார்கள். ஞானேஸ்வரி சொன்ன மத்தியானம் எப்போதோ கடந்துவிட்டது. வாய் உண்மையிலேயே வரவில்லை.

மேலே, தாழ்ந்த கல்மதிலுக்கு அப்பால் நகரம் முழுவதும் கிடந்தது. ஆறு வளைந்து ஓடியது, கூரைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒன்றும் மாறவில்லை. சிவதர்சினி படத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து பார்த்தாள்.

"மாமா, மதிலடியிலை ஒருக்கா நில்லுங்கோ. அளவு பாத்திட்டு நான் வந்து நிக்கிறன்."

பரமநாதன் போய் நின்றார். அவள் பின்னால் போனாள். "கொஞ்சம் வலப்பக்கம்... ஓம், காணும்." அதற்குமேல் நிற்க முடியாமல் அங்கிருந்த மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

அவர் நகரத்தைப் பார்த்தார். குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்ற நாலு பேரின் சிரிப்பும், பின்னாலிருந்து வந்த இருமலும், "கோட்டைக் காட்டடா, கோட்டை!" என்ற குரலும் காதில் கேட்டன. எங்கே நிற்கிறோம் என்பது மறந்துபோயிற்று. இடது கை தன்பாட்டில் பின்னால் போய் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

கை போன இடம் அப்போதுதான் உறைத்தது. அவர் திடுக்கிட்டுக் கையை விட்டார்.

"மாமா," என்றாள் அவள். "இது நீங்களோ?"

பரமநாதன் திரும்பினார். அவள் ஒரு கையில் பழைய படம், மறு கையில் போன். பழைய படத்துக் கோட்டுக்காரனின் இடது கையும் பின்னால் போய் வலது முழங்கையைப் பிடித்திருந்தது.

"ஓம், பிள்ளை. அவருக்கு அப்ப முகம் நல்லா வத்திப் போச்சு. உன்ரை அம்மா பாத்து அழக்கூடாது எண்டுதான் என்னை நிப்பாட்டினவர். உன்னட்டைச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்."

"அப்ப இவ்வளவு காலமும் நான் உங்களையோ கும்பிட்டனான்?" அவள் சிரிக்கப் போனாள், அது அழுகையாக வந்தது. "அப்பா இதிலை இல்லையோ? அண்டைக்கு அவர் எங்கை?"

"படத்துக்குள்ளை இல்லை. படம் எடுத்ததே அவர்தானே." பரமநாதன் கையை நீட்டிக் காட்டினார். "நீ சாய்ஞ்சு நிக்கிற அந்த மரம்தான். நிக்க ஏலாமல் அதிலை சாய்ஞ்சு நிண்டு எடுத்தவர்."

சிவதர்சினி மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். சப்பாத்தைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தாள். வெறுங்காலை வேரடியில் ஊன்றி, முதுகு முழுவதும் மரத்தில் படும்படி சாய்ந்தாள்.

"மாமா, அங்காலை திரும்பி நில்லுங்கோ," என்றாள். "கையை அப்பிடியே பின்னாலை பிடியுங்கோ."

அவர் திரும்பி நின்றார். படம் எடுக்கும் சத்தம் வர வெகுநேரம் ஆனது. முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. பரமநாதன் அசையவில்லை.